மாமியின் பரிபூரண பலன்

நம் வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். இன்றைய பிள்ளைகளிடம் ‘பலன்’ என்று சொன்னால் ராசி பலனா என்று கேட்கிறார்கள். ஜெபப் புத்தகத்தில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் அடியில் சின்ன எழுத்தில் ‘முந்நூறு நாள் பலன்’ என்றோ ‘பரிபூரண பலன்’ என்றோ போட்டிருக்குமே, உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டுப் புத்தகம் கறுப்பு அட்டை போட்டது. மழைக்காலத்தில் அதன் பக்கங்களிலிருந்து மெழுகுவர்த்தியும் பாச்சையும் கலந்த ஒரு வாசனை வரும். எந்த மந்திரம் சின்னது, எதற்குப் பலன் பெரியது என்று பார்த்து அதை மட்டும் சொல்லுகிற கூட்டம் நாங்கள்.

எனக்குப் பத்து வயது. புதுநன்மை என்று முதல் நற்கருணை வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சுதந்திரம் வந்துவிட்டது, ஆனால் நாங்கள் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் மலையாளப் பாட்டு பாட வேண்டும். கோயிலில் லத்தீன் பாட்டு. இரண்டும் எங்களுக்கு ஒன்றுபோலத்தான் விளங்கின. பூதப்பாண்டிச் சாலையிலிருந்து வயல் வழியாகப் பிரிகிற வண்டித்தடத்தில் எங்கள் ஊர். சுற்றிலும் நெல். நடுவில் சுண்ணாம்பு அடித்த கோயிலும் நாற்பது ஐம்பது கிறிஸ்தவ வீடுகளும்.

ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசம் சொல்லித் தந்த உபதேசியார் பலனை எங்களுக்கு விளக்கிய விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

“ஏலே, கேளுங்க. உன் மாடு அவுந்து போயி ஒருத்தரு வயல் வரப்ப ஒடச்சுப் போட்டு. நீ போயி கால்ல விழுந்த. அவரும் ‘சரி, போட்டும்’னு மன்னிச்சுட்டாரு. ஆனா ஒடஞ்ச வரப்பு அப்படியே கெடக்குல்லா? அத நீதான கெட்டணும்? பாவசங்கீர்த்தனத்துல பாவம் போயிரும். வரப்பு கெட்டுத வேல பாக்கி. அத இஞ்ச முடிக்காம செத்தவன் உத்தரிக்கிற ஸ்தலத்துல இருந்து முடிக்கணும். பலன்னா என்ன? ஊரே மம்பட்டிய எடுத்துக்கிட்டு வந்து அவனுக்கு வேண்டி வரப்பக் கெட்டிக் குடுக்குது. அம்புட்டுதான்.”

அப்படி ஊரே மம்பட்டியோடு இறங்குகிற நாள் ஒன்று உண்டு. நவம்பர் முதல் தேதி, சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள் மத்தியானம் தொடங்கி மறுநாள் மரித்தோருக்கான ஆத்துமாக்கள் திருநாள் முடிகிற வரைக்கும். பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கியவர்கள் கோயிலுக்குள் போய், பாப்பரசருடைய கருத்துக்காகப் பரமண்டல மந்திரம் ஆறு, அருள்நிறைந்த மந்திரம் ஆறு, திரித்துவ மந்திரம் ஆறு சொன்னால் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமம் ஒன்றுக்குப் பரிபூரண பலன், அது நேரே மோட்சம் போய்விடும். வெளியே வந்து மறுபடி உள்ளே போனால் மறுபடி ஒன்று. எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். எங்களுக்கு அது ஓட்டப் போட்டி. பக்கவாசல் வழியாக வெளியே பாய்ந்து, மழைச் சேற்றில் கோயிலைச் சுற்றி வந்து, தலைவாசலில் நுழைந்து, மூச்சு வாங்க மந்திரத்தை முழுங்கி முழுங்கிச் சொல்லிவிட்டு மறுபடி ஓடுவோம். இப்போது அந்தச் சட்டம் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்று ஆக்கிவிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது எங்கள் ஓட்டத்தைப் பற்றி அல்ல. மாமியைப் பற்றி.

மாமி என் தாய்மாமாவின் மனைவி. மாமாவை வளர்த்தது என் அம்மாதான்; தாய் இல்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கல்யாணமாகி ஐந்தாம் மாதம் மாமா மலாயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனார். மாமியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். நான் அப்போது கைப்பிள்ளை. ஒன்றிரண்டு கடுதாசி வந்ததாம். பிறகு சண்டை வந்தது, சப்பான்காரன் வந்தான், கடுதாசி நின்றது. சண்டை முடிந்தும் ஆள் வரவில்லை, செய்தியும் வரவில்லை. அம்மா மட்டும் தினமும் ஜெபமாலை முடிவில் ‘தூரதேசத்தில் இருக்கிறவன் சுகமாய்த் திரும்பி வர’ என்று ஒரு மந்திரம் கூட்டிச் சொல்வாள். ‘இருக்கிறவன்’ என்ற சொல்லில் அவள் குரல் ஒரு படி உயரும். யாராவது மறுத்துப் பேசிவிடுவார்களோ என்பது போல.

அந்த வருஷம் ஆவணியில்தான் அம்மாவுக்குச் சந்தேகம் பிடித்தது. எதிர்வீட்டு அக்கா கொண்டு வந்த செய்தி அது. மாமி மரச்சீனிக் கிழங்கு விற்க வடசேரிச் சந்தைக்குப் போவாள். அங்கே ஒரு ஆளோடு வெகுநேரம் நின்று பேசினாளாம்.

“கால்சட்ட போட்ட ஆளு. நம்ம ஊரு ஆளில்ல பாத்துக்கோ. இவ நின்னு அழுதா. அவன் சேப்புக்குள்ள இருந்து என்னமோ எடுத்துக் குடுத்தான். நான் எதுக்குச் சொல்லுதேன்னா, நாளைக்கு நீ என்னக் குத்தம் சொல்லப்பிடாது.”

அம்மா அன்று ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவள் வழக்கம். கேட்டால் எதிராளி உஷாராகிவிடுவார் என்று நினைப்பாள். பார்க்க ஆரம்பித்தாள். என்னையும் பார்க்கப் பழக்கினாள்.

பார்க்கத் தொடங்கினால் எல்லாமே தட்டுப்படும். மாமி அதுவரை பூ வைப்பதில் அவ்வளவு அக்கறை காட்டாதவள். திடீரென்று தினமும் பிச்சிப்பூ வைத்துக்கொண்டாள். கழுத்தில் தாலியோடு ஒரு கறுப்புக் கயிறு புதிதாகத் தெரிந்தது. அதன் முனை எப்போதும் சட்டைக்குள் இருந்தது. குளிக்கப் போனால் எங்கள் யாரோடும் சேராமல் தனியாக ஆற்றில் இறங்கினாள். மாமி சந்தைக்குப் போன ஒரு நாள் அம்மா அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்து சேலை சேலையாக உதறிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மடித்த மடிப்புக் குலையாமல் திருப்பி வைத்தாலும் மாமிக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்தவள் சேலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மூடிவிட்டு வந்து எனக்குத் தலை பின்னிவிட்டாள். இழுத்து இழுத்துப் பின்னினாள், வலித்தது.

“கயித்துல தாயத்துதான் கெடக்கு” என்று அம்மா அப்பாவிடம் சொல்வது கேட்டது. “எவனோ மந்திரிச்சுக் குடுத்திருக்கான். பூவப் பாத்தீளா? என் தம்பி திரும்பி வரும்போ இவ இஞ்ச இருக்க மாட்டா.”

அப்பா நெல்வண்டி ஓட்டுகிறவர். மாட்டுக்கு வைக்கோல் போட்டபடியே, “நேராக் கேட்டுப்போடேன்” என்றார்.

“கேட்டா பொய் சொல்லுவா.”

ஐப்பசி மழை பிடித்தது. திருநாளுக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை. மாமி உள்ளே போய் மண்டியிட்டவள் எழுந்திருக்கவே இல்லை. பின்னால் நின்ற பெண்கள் கால் மாற்றி நின்றார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நேரம் சொல்ல அப்படி என்ன பாவம்? அம்மா ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டு மாமியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி கண் சிவந்து வெளியே வந்தாள். அடுத்ததாகப் போக வேண்டியது அம்மா. அவள் போகவில்லை. வரிசையை விட்டு விலகி என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் கோயில் மணி அடித்ததும் மாமி முதல் ஆளாகப் போனாள். அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“மக்கா, நீ இன்னைக்கி அந்தப் பிள்ளைகளோட ஓடாண்டாம். மாமி பின்னாலயே போ. அவ யாருக்காச்சுட்டி மந்திரம் சொல்லுதான்னு கேளு. பேரு சொல்லாம இருக்க மாட்டா.”

நான் போனேன். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. மாமி தலைவாசலில் சிலுவை போட்டு, சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துக்கொண்டு, தூணோரம் மண்டியிட்டாள். நான் தூணுக்கு இந்தப் பக்கம். அவள் உதடு அசைந்தது. முதலில் வந்த சொல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. “அவருக்கு.”

புருஷன் பேரை வாயால் சொல்லாத காலம். ‘அவர்’ என்றால் ஒருத்தர்தான்.

மந்திரங்களை முடித்து வெளியே வந்தாள். மறுபடி உள்ளே. மறுபடி “அவருக்கு.” மறுபடி வெளியே. மழை தூறிக்கொண்டே இருந்தது. அவள் சேலை கணுக்கால் வரை சேறாகிவிட்டது. சில தடவை பாதி மந்திரத்தில் நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கவாசல் படியில் அவள் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தபோது போய்க் கேட்டேன்.

“மாமி, இத்தன ஆத்துமாவா இருக்கு உங்களுக்கு?”

“ஒண்ணுதான் மக்கா.”

“ஒண்ணுக்கு ஒரு தடவ போதும்லா? உபதேசியார் சொன்னாருல்லா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“மனசு சுத்தமா இருந்தாதான் கிடைக்கும். எனக்குப் பாதியில கோவம் வந்திருது. கோவம் வந்தா அது போச்சு. பொறவு மொதல்ல இருந்து தொடங்கணும்.”

“யாருகிட்ட கோவம்?”

அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா என்னை அடுக்களையில் உட்கார வைத்துக் கேட்டாள். கேட்டதைச் சொன்னேன். அம்மாவின் முகம் இருண்டுவிட்டது.

“அவருக்குன்னா சொன்னா? உயிரோட இருக்கவனுக்கா? செத்துப் போனான்னு எவ சொன்னா இவளுக்கு? புரியுது. இவனச் செத்தவனாக்கினாத்தான அவனக் கெட்டலாம்!” பிறகு என் தோளைப் பிடித்தாள். “அந்த ஆளு கோயிலுக்கு வந்தானா?”

“இல்லம்மா.”

“நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லு. வாசல்ல நின்னானா?”

“இல்ல.”

“கால்சட்ட போட்டவன். ஒருத்தனும் நிக்கல்லியா?”

“இல்லம்மா.”

அவள் விடவில்லை. அவள் கண் என் முகத்தைத் தோண்டிக்கொண்டே இருந்தது. நான் எதையோ மறைக்கிறேன் என்று அவள் நினைப்பது தெரிந்தது. அது எனக்குத் தாங்கவில்லை. அவள் கேட்க விரும்பியதைக் கொடுத்துவிட்டால் கை தளரும் என்று தோன்றியது.

“ஆமா” என்றேன். “பக்கவாசல்ல நின்னாரு. மாமி அவருகிட்டப் பேசினா.”

கை தளர்ந்தது. எனக்குச் சோறு போட்டாள். அயிலை மீன் குழம்பு. அந்தக் குழம்பின் புளிப்பு இப்போதும் நாக்கில் இருக்கிறது. நான் நன்றாகச் சாப்பிட்டேன். அதுதான் எனக்கு இன்றும் செரிக்காத காரியம்.

ஆத்துமாக்கள் திருநாள் காலைப் பூசைகளும் முடிந்து, கல்லறைத் தோட்ட மந்திரிப்பும் முடிந்து, ஆட்கள் பாதிப் பேர் கலைந்திருந்தார்கள். மாமி மறுபடி தொடங்கியிருந்தாள். தலைவாசல் படியில் கால் வைத்தபோது அம்மா குறுக்கே போய் நின்றாள்.

“நில்லுட்டி. உயிரோட இருக்கவனுக்கு இன்னும் எத்தன தடவ குழி தோண்டுவே?”

“மைனி, வீட்டுல வச்சுப் பேசுவோம். ஊரு பாக்குது.”

“பாக்கட்டும். கோயில் வாசல்ல வச்சு அவன்கிட்டப் பேச உனக்கு வெக்கமில்ல, எனக்கு என்ன வெக்கம்? மொதல்ல அவன் கெட்டிவிட்ட தாயத்தக் கழத்து!”

மாமி கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டாள். அம்மா அந்தக் கையைத் தள்ளிவிட்டுக் கறுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். சட்டைக்குள்ளிருந்து வந்தது தாயத்து அல்ல. தபால்தலை அளவில் இரண்டு துணித்துண்டு. உத்தரியம். நாமெல்லாரும் மாதா பேரால் கழுத்தில் போட்டிருந்தோமே, அதே காவித்துணி உத்தரியம்தான். வேர்வையும் அழுக்கும் ஏறிக் கறுத்திருந்தது. அதன் ஓரத்தில் நீலநூல் தையல்.

மாமா கப்பலுக்குப் புறப்பட்ட காலையில் காவிநூல் தீர்ந்துபோய், இருந்த நீலநூலை வைத்து அம்மா தன் கையால் தைத்துத் தம்பி கழுத்தில் போட்ட உத்தரியம் அது. அந்தக் கதையை அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். தையலைக் கட்டைவிரலால் தடவினாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் தடவினாள்.

“எப்போ?” என்றாள் கடைசியில்.

“சண்ட நடக்கும்போ சப்பான்காரனுவ சயாமுக்கு ரயில் பாத போடக் கொண்டு போனாவளாம் மைனி. அங்க பேதி வந்துதாம். அந்தச் சந்தையில பாத்த ஆளு கூட இருந்தவரு. இத அவருகிட்டக் குடுத்து, ஊருல சேத்திருன்னு சொல்லிட்டுக் கண்ண மூடினாராம். இத்தன வருஷம் பொகையில டப்பாக்குள்ள வச்சுக் காப்பாத்திக் கொண்டு வந்திருக்காரு.”

“ஆவணியில தெரியும் உனக்கு.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் பூ வச்சுக்கிட்டு நடந்தே.”

“வைக்கல்லன்னா நீங்க கண்டுபிடிச்சிருவீய. அதுக்குத்தான் வச்சேன்.” மாமி அம்மா கையிலிருந்த உத்தரியத்தைத் தொட்டாள். “சாமியாரு இல்ல, அவஸ்தைப்பூசுதல் இல்ல. மண்ணுலகூட வைக்கல்ல மைனி. செத்தவங்க எல்லாரையும் ஒண்ணா அடுக்கி எரிச்சாவளாம். அத உங்ககிட்ட எந்த வாயால சொல்லுவேன்? செத்தாருன்னும் மோட்சம் சேந்தாருன்னும் ரெண்டையும் ஒண்ணாச் சொல்லணும்னு இந்த நாளுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்.”

அம்மாவின் நெஞ்சு நம்பிவிட்டது, புத்தி நம்பவில்லை. சந்தேகம் பழகியவர்களுக்கு அப்படித்தான். தெரிந்த கடைசி முடிச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ நேத்து அவன் எதுக்குக் கோயிலுக்கு வந்தான்? உன்கிட்ட எதுக்குப் பேசினான்?”

“யாரு வந்தா?” என்றாள் மாமி.

உபதேசியார் பக்கத்தில்தான் நின்றிருந்தார். “நேத்து பூரா நான் இஞ்சதான இருந்தேன்? வெளியூர்க்காரன் ஒருத்தனும் வரல்லியே” என்றார்.

அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். மாமியும் பார்த்தாள். உபதேசியாரும். நான் கோயில் மணியின் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

அம்மா உத்தரியத்தை மாமியின் கையில் வைத்தாள். பங்குச் சாமியார் பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அறைக்கு நேராகப் போய், “சாமி, எனக்குப் பாவசங்கீர்த்தனம் கேக்கணும். இப்பமே” என்றாள். நன்மையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். நள்ளிரவிலிருந்து வெறும் வயிறாக இருப்பவர்களுக்குத்தான் அப்போது நன்மை; அன்று அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. அதற்குப் பிறகு கோயில் அடைக்கிற வரைக்கும் இரண்டு பேரும் போய்ப் போய் வந்தார்கள். சேர்ந்து அல்ல. ஒருத்தி தலைவாசலில் நுழையும்போது மற்றவள் பக்கவாசலில் வெளியே வருவாள்.

சந்தையில் மாமியைப் பார்த்த மலாயாக்காரர் பிறகு வந்து சாமியாரிடம் சாட்சி எழுதிக் கொடுத்தார். மாமாவுக்கு மரித்தோர் பூசை வைத்தார்கள். மாமி வெள்ளைச் சேலைக்கு மாறினாள். நான் அடுத்த சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனத்தில் ‘பொய் சொன்னேன்’ என்றேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. மூன்று அருள்நிறைந்த மந்திரம் கொடுத்தார். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று எனக்கே அதில் சந்தேகம் வந்தது.

ஊர் எதிர்பார்க்காத காரியம் ஒன்றை அம்மா பிறகு செய்தாள். மாமிக்கு மறுமணம் பேசினாள். “அவன் மோட்சத்துல இருக்கான்னு நீதான சொன்னே? அங்க இருக்கவனுக்கு நீ என்னத்துக்கு? நீ எதுக்கு இஞ்ச காத்துக் கெடக்கணும்?” என்று கேட்டாள். மாப்பிள்ளை மார்த்தாண்டம் பக்கத்து நல்லமிளகு விவசாயி, மனைவியை இழந்தவர். அந்த மனுஷனையும் அம்மா சும்மா விடவில்லை. முதல் மனைவி எந்தச் சீக்கில் செத்தாள், வைத்தியர் யார், குடிப்பாரா, கோபம் வருமா என்று சந்தைக் கடைக்காரர்கள் வரைக்கும் விசாரித்த பிறகுதான் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கச் சம்மதித்தாள். நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம் அது. சேர்ந்த அன்றும் நவம்பர் முதல் தேதிதான். நாகர்கோவிலில் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். அம்மா தன் பாட்டுக்குக் கோயிலுக்குள் போய் வந்துகொண்டிருந்தாள்.

அம்மா அந்தப் பொய்யைப் பற்றிச் சாகும் வரை என்னிடம் பேசவில்லை. தன்னுடைய பங்கையும் சேர்த்து மூடி வைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். நானாக மாமியிடம் அதை எடுத்தது, எனக்கு நாற்பது வயதான பிறகு. அவள் வீட்டு அடுக்களையில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சக்கைப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். முடி நரைத்திருந்தது. இரண்டு ஆண்பிள்ளைகளுக்குத் தாய்.

“மாமி, அன்னைக்கி அந்த ஆளு கோயிலுக்கு வந்தாருன்னு அம்மைகிட்டச் சொன்னது நான்தான்.”

“தெரியும். எல்லாரும் உன்னத்தான பாத்தோம்.”

“ஏன் ஒண்ணும் கேக்கல்ல? ஒரு அடி அடிச்சிருக்கலாமே.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“கேட்டா கோவம் வந்திருக்கும் மக்கா. ஏற்கெனவே உங்க அம்மைமேல உள்ள கோவத்துல அத்தன தடவ போனதும் வீணாப் போயிட்டோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்கிக் கோயில் அடைச்சா பொறவு அடுத்த வருஷந்தான். உன்மேலயும் கோவத்த வச்சுக்கிட்டு உள்ள போனா அவரு கதி என்ன? நின்ன எடத்துலயே உன்ன மன்னிச்சேன். உன்ன மன்னிச்சபொறவு அம்மைய மன்னிக்கது லேசாயிட்டு. அதுக்குப் பொறவு கடைசியாப் போனேம்லா, அந்த ஒரு தடவதான் எனக்குச் சரியாப் பட்டுது.”

இது உண்மைதானா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று இத்தனை வருஷமாக நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று மாதம் பூ வைத்து ஒரு ஊரையே ஏமாற்றியவள் அவள். ஒரு நாற்பது வயதுக்காரியை ஏமாற்ற எவ்வளவு நேரமாகும்? அவள் முகத்தை அன்று உற்றுப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்ததுபோலவே. அவள் சிரித்துவிட்டாள்.

“அப்படிப் பாக்காதட்டி” என்று எண்ணெய்க் கையால் ஒரு சுளையைப் பிரித்து என் வாயில் திணித்தாள். “தின்னு.”